பதிவு செய்பவன் கள்வனா?

வானலைகள் எவருக்குச் சொந்தமானவை என்னும் வினா ஐக்கிய அமெரிக்காவில் இன்று வீட்டு மேசையிலிருக்கும் கணனியைச் சுற்றி எழுந்துள்ளது. கூரையிலுள்ள அன்ரெனா வழியாகத் தன் வீட்டுக்குள் வரும் இலவச உயர்தெளிவு ஒளிபரப்பைக் கணனியிற் பதிந்து வைப்பவனைக் கள்வனாகவே கருதும் மனப்பாங்கு அந்நாட்டின் ஒளிபரப்புத் தொழிலில் வேரூன்றியுள்ளது. இம்மனப்பாங்கு நியாயமற்றது, அதுமட்டுமன்றி, ஒரு சமுதாயத்தின் நினைவையே ஊறுபடுத்துவது என்பதே எமது வாதமாகும்.

முதற்கண் இப்பதிவு நிகழும் முறையை நோக்குவோம். அமெரிக்காவின் முழுவலு நிலையங்கள் 2009 ஜூன் 12ஆம் திகதியுடன் பழைய ஒளிபரப்பு முறையைக் கைவிட்டு இலக்கமுறைக்கு மாறின. அம்முறையில் 6 மெகாஹேர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசை செக்கனுக்கு ஏறத்தாழ 19.4 மெகாபிற் தரவைச் சுமந்து வருகின்றது. படம் நிலையத்திலேயே சுருக்கப்பட்டு விடுவதால் வீட்டுக் கணனி அதனை மீண்டும் சுருக்கவேண்டியதில்லை. அலைவாங்கும் சிறு பலகையொன்றைப் பொருத்தினால் வந்த தரவு வந்தவாறே வன்தட்டில் எழுதப்படும். ஒரு மணித்தியாலப் பதிவு அதிகபட்சம் 9 கிகாபைற்றுக்குச் சற்றுக் குறைவான இடத்தையே கொள்ளும். 2002இல் தோன்றிய ‘மித்ரிவி’ போன்ற இலவச மென்பொருள்கள் இதனைச் சாதாரண மனிதனுக்கும் எட்டச் செய்தன. நாடாவிற் பிரதிக்குப் பிரதி தரம் குன்றியது. இங்கோ பதிவும் மூலமும் ஒன்றே.

இப்பூரணத்துவமே திரைப்பட நிறுவனங்களின் அச்சத்துக்குக் காரணம். தரம் குன்றாத பிரதி இணையத்தில் ஆயிரக்கணக்கானோருக்குப் பரவினால் கலைஞனின் உழைப்பு என்னாவது என்று அவை கேட்கின்றன. இக்கேள்வியில் உண்மையே இல்லை என்பது நேர்மையாகாது. ஆனால் பிறர் படைப்பை அனுமதியின்றிப் பரப்புவது ஏற்கெனவே சட்டவிரோதம். பரப்புபவனைத் தண்டிக்கச் சட்டம் உண்டு. பொய்யுறுதி எழுதுபவன் ஒருவன் உளன் என்பதற்காக ஊரிலுள்ள எழுதுகோல்களையெல்லாம் முறிப்பது எவ்வகை நீதி?

இவ்வச்சம் புதியதுமன்று. 1976இல் யூனிவர்சல், டிஸ்னி ஆகிய நிறுவனங்கள் சோனியின் பீட்டாமக்ஸ் பதிவுக் கருவிக்கெதிராக வழக்குத் தொடுத்தன. திரைப்படத் தொழிலின் பேச்சாளரான ஜாக் வலன்ரி 1982இல் அமெரிக்கக் காங்கிரஸின் முன்னிலையில் அக்கருவியைத் தனித்திருக்கும் பெண்ணின் கழுத்தை நெரிக்கும் கொலைஞனுக்கு ஒப்பிட்டார். 1984 ஜனவரி 17இல் உயர் நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், ஒளிபரப்பைப் பின்னர் பார்ப்பதற்காக வீட்டிற் பதிவது நியாயமான பயன்பாடே எனத் தீர்ப்பளித்தது. சிறுவர் நிகழ்ச்சி நடத்திய பிரெட் றொஜர்ஸ் அத்தகைய பதிவுக்கு ஆதரவாகக் கூறிய சாட்சியத்தையும் அது எடுத்துக்காட்டியது. கழுத்தை நெரிக்கும் என்றஞ்சப்பட்ட கருவியோ, பின்னாளில் வீடியோ நாடா விற்பனை வாயிலாக அதே நிறுவனங்களுக்குப் பெருஞ்செல்வம் ஈட்டித் தந்தது.

ஆயினும் அவை அமையவில்லை. கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணைக்குழு 2003 நவம்பரில், ஒளிபரப்புடன் வரும் ஒரு தடைக்குறிக்குப் பெறுங்கருவிகள் யாவும் கீழ்ப்படிய வேண்டுமென விதி வகுத்தது. நூலகங்களின் சங்கம் தொடுத்த வழக்கில் 2005 மே 6ஆம் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்விதியைத் தள்ளிற்று. ஒளிபரப்பு வந்து சேர்ந்தபின் கருவி என்ன செய்யவேண்டும் என விதிக்க ஆணைக்குழுவுக்கு அதிகாரமில்லை என்றது. எனினும் 2008 மே மாதத்தில் என்.பி.சி. நிகழ்ச்சிகள் சிலவற்றைப் பதிய மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் மென்பொருள் மறுத்தது. அத்தகைய குறிக்குக் கீழ்ப்படியுமாறு எச்சட்டமும் அதனைப் பணிக்கவில்லை. அது தானாகவே கீழ்ப்படிந்தது. நீதிமன்றத்திற் தோற்றது பெட்டிக்குள் வென்றது.

இன்று நிலைமை மேலும் மோசமாகியுள்ளது. 2017 நவம்பரில் அனுமதிக்கப்பட்ட புதிய ஒளிபரப்பு முறையில் நிலையங்கள் பல தம் இலவச ஒளிபரப்பையே மறைகுறியால் பூட்டுகின்றன. 1998ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமோ பூட்டைத் திறப்பதையே தடைசெய்கின்றது. பதியும் உரிமை ஏட்டில் உண்டு. அதனைப் பயன்படுத்தும் வழி குற்றம். பொது உடைமையான அலையை உரிமப்பத்திரம் பெற்றுப் பயன்படுத்துவோர், அப்பொதுமக்களையே பூட்டுக்கு வெளியே நிறுத்துகின்றனர்.

இணையத்தில் யாவும் கிடைக்கையில் பதிவதெதற்கு என்று நம்மிற் சிலரும் வினவக்கூடும். கிடைப்பது வேறு, கைவசமிருப்பது வேறு. ‘வெஸ்ற்வேல்ட்’ என்னும் தொடரை அதைத் தயாரித்த நிறுவனமே 2022 டிசம்பரில் தன் இணையச் சேவையிலிருந்து அகற்றியது. பிரித்தானியாவில் பி.பி.சி. தனது பழைய நாடாக்களை அழித்தபோது ‘டொக்ரர் ஹூ’ தொடரின் பல அங்கங்களின் படம் மறைந்தது. அவற்றின் ஒலியாவது எஞ்சியிருப்பது வீட்டில் நாடாவிற் பதிந்த நேயர்களாலேயே. பிலடெல்பியாவில் மரியன் ஸ்ரோக்ஸ் என்ற நூலகர் 2012இல் இறக்கும்வரை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தொலைக்காட்சிச் செய்திகளை இரவுபகலாகப் பதிந்தார். அவர் விட்டுச்சென்ற ஏறத்தாழ 70,000 நாடாக்கள் இன்று ஓர் ஆவணக்காப்பகத்தின் செல்வம். 1968 முதல் மாலைச் செய்திகளைப் பதிந்துவரும் வண்டர்பில்ற் பல்கலைக்கழகத்தின் மீதும் சி.பி.எஸ். நிறுவனம் 1973இல் வழக்குத் தொடுத்தது என்பதை மாணவராகிய நாம் மறத்தலாகாது.

செய்தியை வெளியிட்டவனே அதன் ஒரே காவலனுமாயிருந்தால், நேற்றுச் சொன்னதை இன்று மறுப்பவனை எதனைக் காட்டி மடக்குவது? சான்றின்றி ஆய்வில்லை, பிரதியின்றிச் சான்றில்லை. ஆதலால் பொது அலையில் வரும் இலவச ஒளிபரப்புக்குப் பூட்டிடும் உரிமை எவருக்கும் இருத்தலாகாது. பதிவு செய்பவன் கள்வனல்லன். பொதுமக்களின் அலையைப் பூட்டி வைப்பவனே தன் செயலுக்கு நியாயம் கூறக் கடமைப்பட்டவன்.