விண்ணப்பத்தில் ஒரு கட்டம்

(இரண்டாமாண்டு பி.எஸ்சி., வேதியியல் மாணவன்)

கல்லூரியில் சேர்ந்த அன்று நானும் என் நண்பனும் அருகருகே அமர்ந்து விண்ணப்பம் நிரப்பினோம். 'குடியுரிமை' என்ற கட்டம் வந்ததும் அவன் பேனா நின்றுவிட்டது. நெடுநேரம் கழித்து, 'இலங்கை அகதி' என்று எழுதினான். அவனோ இலங்கையைக் கண்ணால் கண்டதில்லை. என்னைப் போலவே இதே மாவட்டத்தில் பிறந்து, இதே பேருந்தில் வந்து படிப்பவன்.

ஆனைக்குட்டம், குல்லூர்சந்தை என நம் மாவட்டத்தில் ஈழத் தமிழர் முகாம்கள் இருப்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் படகேறி வந்த மக்கள் அவர்கள். 2021 கணக்குப்படி தமிழகத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் 58,000-க்கும் அதிகமானோர் வாழ்ந்தனர். வெளியே 34,000-க்கும் அதிகமானோர்.

நண்பனின் வீட்டுக்குப் போயிருந்தேன். "இருங்கோ தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்றார் அவன் தாயார். தந்தை பெயின்ட் அடிக்கும் தொழிலாளி. வெளியூரில் வேலை கிடைத்தாலும் தணிக்கை நாளன்று முகாமுக்கு ஓடிவர வேண்டும். தொலைவில் எங்கோ வெடி வெடித்தது. பாட்டி திடுக்கிட்டு எழுந்தார். என் தாய் பட்டாசு ஆலையில் குழாய் உருட்டித்தான் என்னைப் படிக்க வைக்கிறார். எங்களுக்குச் சோறு போடும் ஓசை அந்த மூதாட்டியை இன்றும் நடுங்க வைக்கிறது!

இவர்களுக்கு வழி ஏன் பிறக்கவில்லை? 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச்சட்டமும் இங்கில்லை. 1987 ஜூலை 1-க்குப் பின் பிறந்த குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவரேனும் இந்தியராக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. 2004 டிசம்பருக்குப் பின் அவ்விதி இன்னும் இறுகிவிட்டது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளை மட்டுமே குறித்தது. இலங்கை அதில் இல்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்டவர்கள் கடவுச்சீட்டும் விசாவும் இன்றித் தங்கியிருப்பதற்குத் தண்டனை இல்லை என்று 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஆணையிட்டது. மகிழ்ச்சியே. ஆனால் தண்டனை நீங்கியதால் குடியுரிமை வந்துவிடவில்லை. தமிழக அரசு 2021-இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. வீடுகளும் கட்டித் தருகிறது. அந்த வீட்டில் வாழ்பவனுக்கு வாக்குச்சீட்டு இல்லையே!

"நம் பிள்ளைகளே வேலையின்றித் திரிகையில் இவர்களுக்கு எதற்கு?" என்று என் மாமா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆயினும் அவர்கள் இங்கேதான் உண்கிறார்கள், உழைக்கிறார்கள், கடைக்குக் கடை வரி செலுத்துகிறார்கள். உரிமை இல்லாதவன் குறைந்த கூலிக்கும் தலையசைப்பான். அதனால் நம் கூலியும் அல்லவா குறைகிறது? "ஊர் திரும்பவே விரும்புகிறோம்" என்போரும் முகாமில் உண்டு. அவர்களை மதிப்போடு அனுப்பி வைப்போம். இருக்க விரும்புவோரை ஏற்போம். முடிவு அவர்களுடையதாக இருக்கட்டும்.

வேறொன்றும் நினைவிருக்கட்டும். நம் பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்தும் பஞ்சம் பிழைக்க எத்தனையோ பேர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். 1948-இல் அந்நாட்டுச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோராக்கியது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. அவர்கள் வழிவந்தோர் பலர் இன்றும் முகாம்களில் இருக்கிறார்கள். அங்கே 'இந்தியர்', இங்கே 'இலங்கையர்' என்றால் அவர்கள் எங்கேதான் போவது?

நண்பர்களே! கணியன் பூங்குன்றனாரை மேடைதோறும் முழங்குகிறோம். பக்கத்து பெஞ்சில் இருப்பவனைப் பற்றி ஒருநாளேனும் பேசினோமா? இங்கே பிறந்தவர்களுக்கேனும், அவர்கள் விரும்பினால், குடியுரிமை வழங்க ஒரு சட்டத்திருத்தம் வேண்டும். நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு மாணவர் மன்றம் ஒரு மனு எழுதட்டும். முதல் கையெழுத்து நான் இடுகிறேன்.

நானும் அவனும் எங்கள் வீடுகளில் முதல் பட்டதாரிகளாகப் போகிறோம். பட்டம் இருவருக்கும் ஒன்றே. அடுத்த விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தையும் இருவரும் ஒரே சொல்லால் நிரப்பும் நாள் வரவேண்டும்.