புத்தகம் எந்தப் பையில்?

தபால் இலாகாவைத் திட்டுவதில் நமக்கு ஒரு தனி ருசி உண்டு. கல்யாணப் பத்திரிகை கல்யாணத்துக்கு மறுநாள் வந்தால் திட்டுகிறோம். விலாசத்தில் வீட்டு எண்ணை எழுத மறந்தது நாமாகவே இருந்தாலும் திட்டுகிறோம். அந்தக் கோஷ்டியில் நான் சேரவில்லை. தபால் தாமதமாக வருகிறது என்பதல்ல என் புகார். எல்லாத் தபாலுக்கும் வேகம்தான் வேண்டும் என்று இலாகா தானாகவே தீர்மானித்துவிட்டதே, அதுதான் என் வழக்கு.

தபாலை இரண்டு விதமாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. எந்த ஊருக்குப் போகிறது என்பது ஒன்று. என்ன வகைத் தபால் என்பது இன்னொன்று.

முதல் பிரிப்பை நம்மவர்கள் அழகாகவே செய்திருக்கிறார்கள். உங்கள் அலமாரியிலுள்ள பழைய நாவல் ஒன்றை எடுத்து முதல் பக்கங்களைப் புரட்டுங்கள். பதிப்பாளர் விலாசத்தின் கீழே 'சென்னை-17' என்றோ 'சென்னை-4' என்றோ இருக்கும். தியாகராய நகருக்கு 17, மயிலாப்பூருக்கு 4, அடையாற்றுக்கு 20. 1972 ஆகஸ்டு 15ஆம் தேதி நாடு முழுவதற்கும் ஆறு இலக்க எண் வந்தது. அதை வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலண்கர். சம்ஸ்கிருதத்தில் கவிதை எழுதிய அதிகாரி. பழைய எண்கள் அப்போது அழிந்து போகவில்லை. புது எண்ணின் வாலில் உட்கார்ந்துகொண்டன: 600017, 600004, 600020. முதலில் வரும் 6 தமிழகமும் கேரளமும் அடங்கிய வட்டாரம்; 600 என்றால் சென்னை; கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் ஆபீஸ். பிராடீஸ் ரோடு ராமகிருஷ்ண மடம் சாலையாக மாறினால் என்ன, ஒரே வீட்டுக்குப் பழைய நம்பர், புது நம்பர் என்று இரண்டு முளைத்தால் என்ன? 600004 என்று எழுதிய கடிதம் மயிலாப்பூர் வந்து சேரும். அப்புறம் தெருவை அறிந்த தபால்காரர் பார்த்துக்கொள்வார்.

இரண்டாவது பிரிப்பில்தான் கோளாறு. ஊர் தெரிந்துவிட்ட பிறகு, இது அவசரக் கடிதமா, பத்திரமாகப் போக வேண்டிய கடிதமா, மலிவாகப் போனால் போதுமென்ற புத்தகமா என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியையே இப்போது கைவிட்டு வருகிறார்கள்.

ரிஜிஸ்தர் தபாலை எடுத்துக்கொள்வோம். கை மாறும் இடமெல்லாம் கணக்கில் ஏறி, உரியவர் கையில் மட்டுமே கொடுக்கப்பட்டு, கையெழுத்து வாங்கப்படுகிற தபால் அது. மாட வீதியில் குடியிருந்தவர் வீட்டுக்காரரிடம் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டு நோட்டீஸ் விடுகிறார். அடையாற்றிலுள்ள ஒரு பாட்டி மதுரைக்குப் பத்திரத்தின் நகலை அனுப்புகிறாள். நாளைக்கே போய்ச் சேர வேண்டும் என்று இவர்கள் கேட்கவில்லை. போய்ச் சேர்ந்தது என்பதற்கு அத்தாட்சிதான் கேட்கிறார்கள். 2025ல் இந்தத் தபாலை ஸ்பீட் போஸ்டுடன் இணைத்துவிட்டார்கள். ஒரே மாதிரியான சேவைகளை ஒன்றாக்குகிறோம் என்பது சொன்ன காரணம். இவை ஒரே மாதிரியானவையா? எக்ஸ்பிரஸ் ரயிலும் இரும்புப் பெட்டியும் ஒன்று என்று சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா?

'ரிஜிஸ்தர் அடியோடு போகவில்லையே, ஸ்பீட் போஸ்டுக்கு மேல் ஐந்து ரூபாய் கட்டினால் உரியவரிடமே கொடுக்கிறார்களே' என்று வாதிக்கலாம். வாஸ்தவம். கணக்கைப் பார்ப்போம். இருபது கிராம் கடிதத்துக்கு ரிஜிஸ்தர் கட்டணம், வரி நீங்கலாக, 22 ரூபாயாக இருந்தது. 2025 அக்டோபர் கட்டணப்படி உள்ளூருக்கு 19ம் 5ம் சேர்த்து 24 ரூபாய். இது பெரிய வித்தியாசமில்லை. மதுரைக்கோ 47ம் 5ம் சேர்த்து 52 ரூபாய். பாட்டிக்குத் தேவைப்படாத வேகத்தை அவள் தலையில் கட்டி, அதற்கு விலையும் வாங்குகிறோம்.

ஜனங்கள் ரிஜிஸ்தரைக் கைவிட்டுவிட்டார்கள் என்ற வாதமும் உண்டு. 2011-12ல் சுமார் 24 கோடியாக இருந்தது 2019-20ல் சுமார் 18 கோடியாகக் குறைந்தது மெய்தான். 18 கோடி என்பது செத்துப்போன சேவையா? 2013 ஜூலையில் தந்தியை நிறுத்தினார்கள்; அதன் வேலையைத் தொலைபேசி முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது. நிதானமாக, மலிவாக, அத்தாட்சியோடு போகும் கடிதத்தின் வேலையை எது எடுத்துக்கொண்டது?

அடுத்தது புத்தகம். இதில் எனக்குச் சுயநலம் உண்டு; மறைக்கவில்லை. தீனதயாளு தெருவில் வானதி, மயிலாப்பூரில் 1901 முதல் அல்லயன்ஸ் என்று நம் பேட்டைகளே தமிழ்ப் புத்தகத்தின் பிறந்த வீடுகள். இங்கே அச்சாகும் நாவல் கம்பத்திலும் கோவில்பட்டியிலும் இருக்கிற வாசகரிடம் போவதற்குச் சலுகைக் கட்டணத்தில் ரிஜிஸ்தர் புத்தகத் தபால் இருந்தது. 2024 டிசம்பர் 18ஆம் தேதி அதை நிறுத்தினார்கள். சென்னைப் புத்தகக் காட்சி தொடங்க ஒன்பதே நாள் இருந்தது! புத்தகம் ஒரே நாளில் பார்சல் சரக்காகிவிட்டது. புடவைப் பெட்டியும் சிறுகதைத் தொகுதியும் ஒரே தராசில்.

எதிர்ப்புக் கிளம்பிய பிறகு, 2025 மே 1 முதல் 'ஞான் போஸ்ட்' வந்தது. 300 கிராமுக்கு 20 ரூபாய், ஐந்து கிலோவுக்கு 100 ரூபாய். நல்ல காரியம்; நன்றி சொல்கிறேன். ஆனால் இது கல்வி நூல்களுக்கும் சமூக, பண்பாட்டு, சமய நூல்களுக்கும் என்கிறார்கள். நாவல் இதில் எந்த ஜாதி? துப்பறியும் கதை? நகைச்சுவைக் கட்டுரை? கவுண்ட்டரில் இருக்கிற குமாஸ்தா, பின்னால் இருபது பேர் வரிசையில் நிற்கும்போது, இலக்கிய விமர்சகராகவும் இருக்க வேண்டுமா? பாவம், அவருக்கு இருக்கிற வேலை போதும்.

நான் கேட்பது இரண்டே இரண்டு. அவசரமில்லாத, ஆனால் பத்திரமாகப் போக வேண்டிய கடிதத்துக்கு வெளியூருக்கும் கட்டுப்படியாகிற தனிக் கட்டணம் ஒன்றை மீண்டும் வையுங்கள். பதிப்பாளர் பெயர் போட்டு அச்சான புத்தகம் எதுவானாலும், கதையோ கணக்கோ, புத்தகம்தான் என்று ஒரே வரியில் விதி எழுதுங்கள். நஷ்டம் வரும் என்றால் வரட்டும். கூரியர் கம்பெனி லாபமில்லாத ஊருக்குப் போக மாட்டேன் என்று சொல்லலாம். ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட ஆபீஸ்களோடு பட்டிதொட்டியெல்லாம் பரவியிருக்கிற சர்க்கார் தபாலுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது.