பருவநிலைக் கல்வி: முதலில் ஆசிரியர்கள் தயாராக வேண்டும்

காஜாங் – 2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. விடாது கொட்டிய மழையில் லங்காட் ஆறு கரைபுரண்டது. காஜாங் நகரை உள்ளடக்கிய உலு லங்காட் மாவட்டத்தில் பல கிராமங்கள் நீரில் மூழ்கின. அவ்வாண்டு இறுதியில் நாட்டைத் தாக்கிய வெள்ளத்தில் 50-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இழப்பு 610 கோடி ரிங்கிட் எனப் புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது.

அந்த வெள்ளத்தைப் பார்த்த பிள்ளைகள் இன்றும் பள்ளியில் இருக்கிறார்கள். "டீச்சர், ஆறு மறுபடியும் வீட்டுக்குள்ளே வருமா?" என்று ஒரு மாணவர் கேட்டால், ஆசிரியர் என்ன பதில் சொல்வார்?

2021-இல் யுனெஸ்கோ வெளியிட்ட ஆய்வில் உலகெங்கும் சுமார் 58,000 ஆசிரியர்கள் பங்கேற்றனர். பருவநிலை மாற்றத்தின் கடுமையைக் கற்பிப்பது முக்கியம் என்றவர்கள் 95 விழுக்காட்டினர். நம்பிக்கையோடு கற்பிக்க முடியும் என்றவர்களோ 40 விழுக்காட்டிற்கும் குறைவு. தங்கள் வட்டாரத்தில் அதன் விளைவுகளை நன்கு விளக்க முடியும் என்றவர்கள் மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே.

நம் நாட்டில் இது முற்றிலும் புதிய விஷயமல்ல. ஆரம்பப்பள்ளிக் கலைத்திட்டத்தின் விரவிவரும் கூறுகளில் சுற்றுச்சூழல் நிலைத்தன்மையும் ஒன்று. ஆனால், எல்லாப் பாடத்திலும் விரவி வர வேண்டியது எந்தப் பாடத்திலும் அழுத்தமாக வராமல் போகும் ஆபத்து உண்டு. பெரும்பாலும் அது மரம் நடுவதோடும் மறுசுழற்சியோடும் முடிந்துவிடுகிறது. வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் காற்று ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும், அதனால்தான் மழையும் கடுமையாகிறது என்ற அடிப்படை விளக்கம் விடுபட்டுப் போகிறது.

இந்த இடைவெளியை நிரப்பச் சரியான இடம் ஆசிரியர் கல்விக் கழகங்களே. நாட்டில் அவற்றுக்கு 27 வளாகங்கள் உள்ளன. இளங்கலைப் பயிற்சி நான்கு ஆண்டுகள். தமிழ்ப்பள்ளிகளுக்குச் செல்லும் ஆசிரியர்களில் பலர் அங்கிருந்தே வருகின்றனர்.

ஆசிரியர்களின் சுமை ஏற்கெனவே அதிகம் என்ற ஆதங்கம் நியாயமானது. அதனால் தனிப் பாடம் தேவையில்லை. இருக்கும் பாடங்களிலேயே இதைக் கற்பிக்கும் முறையைப் பயிற்சியில் சொல்லித் தந்தால் போதும். நீர்ப்பாசன வடிகால் துறையின் இணையத்தளத்தில் ஆறுகளின் நீர்மட்டம் அன்றாடம் வெளியாகிறது. லங்காட் ஆற்றின் அளவைக் கொண்டு கணிதத்தில் குறிவரைவு வரையலாம். அறிவியலில் மழையின் காரணத்தை ஆராயலாம். தமிழ்மொழியில் வெள்ளத்தைக் கண்ட தாத்தா பாட்டியை நேர்காணல் செய்து கட்டுரை எழுதலாம்.

2023-இல் கடும் வெயிலால் பள்ளிகளின் வெளிப்புற நடவடிக்கைகளை ஒத்திவைக்க வேண்டியிருந்தது. 2019-இல் புகைமூட்டம் சிலாங்கூர் பள்ளிகளை மூட வைத்தது. வானிலையைப் பார்த்துத் திடலையும் வகுப்பையும் பற்றி முடிவெடுக்கும் பொறுப்பும் ஆசிரியர்களுக்கு வந்துவிட்டது.

2027-இல் முதலாம் ஆண்டிலும் முதலாம் படிவத்திலும் புதிய கலைத்திட்டம் தொடங்கத் திட்டமிடப்பட்டுள்ளது. பாடநூலை மாற்றும் அதே வேகத்தில் ஆசிரியர் பயிற்சியும் மாற வேண்டும். இல்லையேல், அடுத்த வெள்ளத்திலும் பள்ளி மண்டபம் துயர் துடைப்பு மையமாகும். காரணத்தை விளக்க வகுப்பறையில்தான் ஆள் இருக்காது.