நந்தி விலகுமா?

திருப்புன்கூர் கோயிலுக்குப் போனவர்கள் கவனித்திருப்பார்கள். அங்கே நந்தி சந்நிதிக்கு நேராக இல்லை. சற்று ஒதுங்கிப் படுத்திருக்கிறது. வாசலுக்கு வெளியே நின்ற நந்தனாருக்குத் தரிசனம் மறைகிறதே என்று சிவபெருமான் அதை விலகச் சொன்னதாகக் கதை. அவரை வெளியே நிறுத்தி வைத்த மனிதர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய உண்டு. அதை இன்னொரு நாள் வைத்துக் கொள்ளலாம். இன்றைக்கு எனக்கு வேண்டியது ஒரு சின்ன விஷயம். மறைத்த பொருளைத்தான் இறைவன் விலகச் சொன்னானே ஒழிய, பார்க்க வந்தவரைப் பார்த்து, "கொஞ்சம் எட்டிப் பார்த்துக் கொள்ளப்பா" என்று சொல்லவில்லை.

அந்த ஊருக்குப் பக்கத்தில்தான் என் பெரியம்மா இருக்கிறாள். வயது 71. 32 வருஷம் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என் கதை எதுவும் பத்திரிகையில் வந்தால் முதலில் வருவது அவளுடைய கடிதம்தான். அதில் பாராட்டு ஒரு வரி. விட்டுப் போன ஒற்றுகளின் ஜாபிதா ஒரு பக்கம். கண்ணிலும் குறையில்லை, புத்தியிலும் குறையில்லை என்பது தெரிய வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் அவளுக்கு இன்ஷூரன்ஸ் பணம் கொஞ்சம் வர வேண்டியிருந்தது. முன்பானால் ஒரு பாரம் கொடுப்பார்கள். பூர்த்தி செய்து கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது. இப்போது பாரம் போனுக்குள் போய்விட்டது. "எங்கள் செயலியை இறக்கிக் கொள்ளுங்கள், எல்லாம் இரண்டே நிமிஷம்!" என்றார்கள். பெரியம்மா இறக்கிக் கொண்டாள். பெயர், விலாசம், பிறந்த தேதி எல்லாம் பழுதில்லாமல் போயிற்று. பக்கத்தின் அடியில் பாங்கிக் கணக்கு எண்ணுக்கு ஒரு கட்டம். அதற்கும் கீழே அதே எண்ணை மறுபடி எழுத இன்னொரு கட்டம். அந்தக் கடைசிக் கட்டத்தை விரலால் தொட்டாள். அவ்வளவுதான்! திரையின் அடியிலிருந்து கீபோர்டு எழும்பி வந்து, எந்தக் கட்டத்தில் எழுத வேண்டுமோ அந்தக் கட்டத்தின் மேலேயே சப்பணமிட்டு உட்கார்ந்து கொண்டது.

கண்ணைக் கட்டிக் கொண்டு எழுதுவது போல அவள் எண்களை அழுத்தினாள். எங்கோ ஓர் எண் பிசகிவிட்டது. "இரண்டு எண்களும் பொருந்தவில்லை" என்று செயலி சிவப்பு எழுத்தில் சொல்லத்தான் சொல்லிற்று. எங்கே சொல்லிற்று என்கிறீர்கள்? அந்தக் கட்டத்துக்குக் கீழே! அதாவது கீபோர்டுக்கு அடியில். 'மேலே செல்க' என்ற பொத்தானும் அங்கேதான் கிடந்தது. மூன்று முறை முயன்றாள். பிறகு, "24 மணி நேரம் கழித்து வாருங்கள்" என்று கதவைச் சாத்திவிட்டது செயலி.

அன்று இரவு போனில் பேசும்போது அவள் கோபித்துக் கொள்ளவில்லை. கோபித்துக் கொண்டிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

"எனக்கு வயசாயிடுச்சுடா. இனிமே இதெல்லாம் நமக்கு வராது" என்றாள்.

கொம்பு, கால், புள்ளி என்று ஒன்று விடாமல் பிடிக்கிறவள் 15 எண்களை எழுதத் தெரியாதவளாம்!

எழுதுகிறவன் கண்ணுக்கு எழுத்தை மறைப்பது இந்த யுகத்தின் கண்டுபிடிப்பு அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1874-இல் அமெரிக்காவில் ரெமிங்டன் கம்பெனி விற்ற முதல் டைப்ரைட்டர் இருக்கிறதே, அதில் எழுத்துக் கம்பிகள் உருளைக்கு அடியிலிருந்து போய்க் காகிதத்தில் மோதின. அடிக்கிற வரி அடிக்கிறவருக்குத் தெரியாது. பார்க்க வேண்டுமானால் உருளையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். 1890-களில் அண்டர்வுட் இயந்திரம் வந்து, கம்பிகளை முன் பக்கத்திலிருந்து மோதச் செய்து, அடித்த எழுத்தை அடித்த கணமே கண்ணில் காட்டியது. அதற்குப் பிறகும் ரெமிங்டன்காரர்கள் வழிக்கு வர 1908 ஆயிற்று. ஆனாலும் ஒரு தடவை விலகிய மறைப்பு திரும்ப வரவில்லை. அதற்குப் பின் வந்த டைப்ரைட்டர்களில் எழுத்து கண்ணெதிரே விழுந்தது. தான் எழுதுவதைத் தான் பார்ப்பது மனிதனுக்கு ஒரு சலுகை அல்ல, பிறப்புரிமை என்றே ஆகிவிட்டது. அதை இப்போது போனில் வந்து பறி கொடுத்திருக்கிறோம்.

2007 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐபோனைக் கையில் ஏந்திக் காட்டியபோது, அன்றிருந்த போன்களைப் பரிகாசம் செய்தார். அவற்றின் அடிப்பக்கத்தில் ஏறக்குறைய 40 சதவீத இடத்தைப் பிளாஸ்டிக் பொத்தான்கள் அடைத்துக் கொண்டிருக்கின்றன. தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவை அங்கேயே இருக்கின்றன என்பது அவர் வாதம். நியாயமான வாதம்தான். தேவைப்படும்போது வந்து, தேவை தீர்ந்ததும் மறைகிற கீபோர்டு நல்ல யோசனை என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பழைய பொத்தான்களிடம் ஒரு மரியாதை இருந்தது. அவை தம் இடத்தில் இருந்தன; திரையின் மேல் ஏறி உட்காரவில்லை. புதியது விருந்தாளி போல வருகிறது. விருந்தாளி வந்தால் பந்தியில் என்ன செய்வோம்? எல்லோரும் சற்று நெருங்கி உட்கார்ந்து இடம் விடுவோம். வந்தவர் நம் இலையின் மேல் உட்கார்ந்தால் அதற்குப் பெயர் விருந்தா?

"இதெல்லாம் இயந்திரத்தின் கோளாறு, நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்று செயலி எழுதுகிறவர்கள் சொல்லக் கூடும். அதனால் விசாரித்தேன். நான் குடியிருக்கும் அடுக்கு வீட்டில், சென்னையில், எதிர் வீட்டுப் பையன் இந்தத் தொழிலில்தான் இருக்கிறான். கெட்டிக்காரப் பிள்ளை, நல்ல பிள்ளையும்கூட. நான் கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில் சொன்னான். அவன் சொன்னதைக் கேட்ட பிறகு என் கோபம் இரட்டிப்பாயிற்று.

ஆண்ட்ராய்டு போன்களில் திரைக் கீபோர்டு வந்தது 2009-இல். அந்த முதல் நாளிலேயே, செயலி எழுதுகிறவருக்கு ஒரு வரியில் உத்தரவிடும் வசதியும் கூடவே வந்துவிட்டது. "கீபோர்டு வந்தால் என் பக்கத்தைச் சுருக்கி மிச்ச இடத்தில் காட்டு" என்று எழுதலாம். அல்லது "என் பக்கத்தை அப்படியே மேலே தள்ளு" என்று எழுதலாம். ஒரே வரி! ஆப்பிள்காரர்களின் வழி வேறு. அங்கே எல்லாப் பக்கமும் தானாக நகர்ந்துவிடாது. ஆனால் கீபோர்டு எழும்பும் முன்பே, "இதோ வருகிறேன், என் உயரம் இவ்வளவு" என்று செயலிக்குச் சொல்லி அனுப்புகிறது. 2008-இல் வெளியார் எழுதும் செயலிகளுக்கு இடம் கொடுத்த நாள் முதல் இந்தச் சேதி உண்டு. 2021-இல் இன்னும் ஒரு படி மேலே போய், கீபோர்டின் மேல் விளிம்பையே ஒரு வரம்பாகக் காட்டி, "உன் கட்டங்களை இதற்கு மேலே கட்டிக் கொள்" என்று கொடுத்துவிட்டார்கள். வாசலில் நின்று குரல் கொடுத்துவிட்டு வருகிற விருந்தாளிக்கு இடம் விடாதவனை என்னவென்று சொல்வது?

சிரமம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பையன் எடுத்துக் காட்டிய சங்கடங்களையும் கேட்டேன். கீபோர்டுக்கு ஒரே உயரம் கிடையாது. போனுக்குப் போன், மொழிக்கு மொழி மாறும். வார்த்தைகளை யூகித்துச் சொல்கிற பட்டை ஒன்று மேலே ஒட்டிக் கொள்ளும். போனைப் படுக்கப் போட்டால் பாதித் திரைக்கு மேல் போய்விடும். ஆண்ட்ராய்டில் செயலி முழுத் திரையையும் பிடித்துக் கொள்ளும் பழைய முறை ஒன்று உண்டு. அதில் "சுருக்கு" என்ற உத்தரவு காதில் ஏறாது. பக்கத்தை மேலே தள்ளினாலோ, தலைப்பு பறிபோய், எந்தப் பாரத்தைப் பூர்த்தி செய்கிறோம் என்பதே மறந்து போகும். 2020-இல் வந்த 11-ஆம் ஆண்ட்ராய்டு, கீபோர்டு எவ்வளவு உயர்கிறது என்பதைக் கணத்துக்குக் கணம் அளந்து கொள்ள வழி செய்தது. 2024-இல் வந்த 15-ஆம் ஆண்ட்ராய்டோ, தனக்கென்று எழுதப்படும் செயலிகளைத் திரையின் விளிம்பு வரை விரித்துவிட்டு, எங்கே எவ்வளவு இடம் விடுவது என்ற பொறுப்பை எழுதுகிறவர் தலையிலேயே வைத்துவிட்டது. சிரமம்தான். தையற்காரருக்கும் எல்லார் உடம்பும் ஓர் அளவாக இருப்பதில்லை. அதற்காகக் கழுத்து வைக்காமல் சட்டை தைப்பதுண்டா?

உண்மையான காரணம் பிறகுதான் வெளியே வந்தது. "நீ எழுதிய செயலியில் இது சரியாக இருக்கிறதா, தம்பி?" என்று கேட்டேன்.

"இருக்கும் அங்கிள். டெஸ்ட் பண்ணித்தானே கொடுத்தோம்?"

"எங்கே, காட்டு பார்ப்போம்."

மேஜைக் கணினியைத் திறந்தான். அதன் திரையில் ஒரு பொம்மை ஐபோன். சிமுலேட்டர் என்று பெயராம். அதில் ஒரு பாரத்தைத் திறந்து, கடைசிக் கட்டத்தைச் சொடுக்கி, மேஜை மேலிருந்த நிஜக் கீபோர்டில் மளமளவென்று தட்டினான். எழுத்துக்கள் கட்டத்தில் பளிச்சென்று விழுந்தன. வெற்றிப் புன்னகையுடன் என்னைப் பார்த்தான்.

"இதில் போன் கீபோர்டையே காணோமே, தம்பி?"

"மேஜைக் கீபோர்டு சேர்ந்திருந்தா அது எழும்பாது, அங்கிள். தனியா ஆன் பண்ணணும்" என்று சொல்லி, மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினான்.

பொம்மைப் போனின் அடியிலிருந்து கீபோர்டு எழும்பிற்று. கட்டம் போன இடம் தெரியவில்லை. பையன் முகத்தில் இருந்த புன்னகையும் அப்படியே. சற்று நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. உள்ளேயிருந்து அவன் அம்மா காப்பி கொண்டு வந்து வைத்தது நல்லதாயிற்று.

அறியாமை என்று நான் நினைத்துக் கொண்டிருந்தேன், இல்லை. சோம்பலும் இல்லை, இரவு 11 மணி வரை வேலை செய்கிற பையன் அவன். செய்து முடித்த பொருளை, அதைப் பயன்படுத்தப் போகிறவர் எப்படிப் பிடிப்பாரோ அப்படிப் பிடித்து, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பார்க்கவில்லை. சமையற்காரர் உப்புப் பார்க்காமல் பந்திக்கு அனுப்புவதுண்டா? நான் எழுதும் கதையையே அச்சுக்குப் போகும் முன் ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பார்க்கிறேன். என் கதையில் பிழை இருந்தால் யாருக்கும் பணம் நிற்காது.

"கட்டம் மறைந்தால் வேறு எங்காவது தொட்டால் போயிற்று, கீபோர்டு தானே இறங்கிவிடுமே?" என்பது இன்னொரு சமாதானம். எல்லாச் செயலியிலும் இறங்குவதில்லை. ஐபோனில் எண்களுக்கென்று வருகிற கீபோர்டில், 'முடிந்தது' என்று சொல்ல ஒரு விசையே கிடையாது. செயலி எழுதுகிறவர் நினைத்து வைத்தால்தான் உண்டு. வைக்காவிட்டால், வந்த விருந்தாளி கிளம்பவே மாட்டார். அப்படியே இறங்கினாலும், நாலு எண் எழுதி, கீபோர்டை இறக்கி, சரிபார்த்து, மறுபடி ஏற்றி, மறுபடி நாலு எண் எழுதுவது எந்த ஊர் நியாயம்?

"இதுவரை யாரும் புகார் செய்யவில்லையே" என்பது எல்லாவற்றிலும் மோசமான சமாதானம். எப்படிச் செய்வார்கள்? பழுது செயலியில் இருக்கிறது என்று தெரிந்தால் அல்லவா புகார்? என் பெரியம்மாவைப் போல, பழுது தன்னிடம்தான் என்று நினைக்கிறவர் வாய் திறக்க மாட்டார். வெட்கப்பட்டுக் கொண்டு போனை மூடி வைத்துவிட்டு, வேறு யாரையாவது தேடிப் போவார்.

பெரியம்மாவும் போனாள். மறு நாள் கடைத்தெருவில் ரீசார்ஜ் செய்கிற கடைக்குப் போய், அங்கிருந்த பையனிடம் போனைக் கொடுத்து, "நீயே போட்டுடுப்பா" என்று சொல்லியிருக்கிறாள். கணக்குப் புத்தகத்தைக் கொடுத்தாள். ரகசிய எண்ணைச் சொன்னாள். ஓ.டி.பி. வந்ததும் அதையும் வாசித்துக் காட்டினாள். பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் நின்று கொண்டிருந்தார்களாம். அந்தப் பையன் நல்லவன். 20 ரூபாய் வாங்கிக் கொண்டு, வேலையை முடித்து, "பாட்டி, இந்த நம்பரை யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று புத்தியும் சொல்லி அனுப்பினான். வேறொருவனாக இருந்தால்? ஓ.டி.பி.யை எவரிடமும் சொல்லாதே என்று பாங்கிகள் நாள் தவறாமல் சேதி அனுப்புகின்றன. சொல்லாமல் இருக்க வேண்டுமானால், எழுத வேண்டிய கட்டம் முதலில் கண்ணுக்குத் தெரிய வேண்டாமா? ஒரு பக்கம் பூட்டுக்கு மேல் பூட்டாகப் போட்டுவிட்டு, சாவித் துவாரத்தை மறைத்து வைத்தால், வீட்டுக்காரி சாவியைத் தெருவில் போகிறவனிடம் கொடுக்காமல் என்ன செய்வாள்?

நான் சும்மா இருக்கவில்லை. அந்தக் கம்பெனிக்கு விவரமாக எழுதினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. என் அக்கறைக்கு நன்றி தெரிவித்து, செயலியின் புதிய பதிப்பை இறக்கிக் கொள்ளச் சொல்லியிருந்தார்கள். இறக்கினோம், கட்டம் மறைந்தபடியே இருந்தது. மறுபடி எழுதினேன். பிரச்னையைத் திரையோடு படமெடுத்து அனுப்புமாறு கேட்டார்கள். பெரியம்மாவை விட்டுக் கடைசிக் கட்டத்தைத் தொடச் சொல்லி, கீபோர்டு எழும்பியதும் படமெடுத்து, அன்றைக்கே அனுப்பி வைத்தேன்.

ஒரு வாரம் கழித்துப் பதில் வந்திருக்கிறது. தாங்கள் அனுப்பிய படத்தைக் கவனமாகப் பரிசீலித்தோம். தாங்கள் குறிப்பிடும் கட்டம் அதில் காணப்படவில்லை. தயவு செய்து அந்தக் கட்டம் தெளிவாகத் தெரியும்படி வேறு படம் ஒன்று எடுத்து அனுப்பவும், என்று.