ஷூ போட்டு நடந்த தெரு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவர்கள் நல்லவர்கள். நாலு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர்களோடு மலையேறிக்கொண்டிருக்கிறேன். முகம் சுண்டும்படி ஒருத்தர்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதனால்தான் இதை எழுத இவ்வளவு நாளாகிவிட்டது. நம்மைத் திட்டினவனைத் திருப்பித் திட்டி எழுதுவது லேசு. தண்ணீர் பாட்டிலை வாய் வைத்துக் குடித்துவிட்டு அப்படியே என்னிடம் நீட்டியவரைப் பற்றி எப்படி எழுதுவது?

விடியக்காலம் ஐந்தரைக்கு மாட்டுத்தாவணியில் கூடுவோம். இருபது பேர், சில வாரம் முப்பது. பேங்க்கிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், இரண்டு டீச்சர்கள், ஒரு பல் டாக்டர், காலேஜ் பையன்கள், பெண்டாட்டி பிள்ளைகளோடு வருகிற ஒரு மளிகைக்கடைக்காரர், அப்புறம் ஆபீசில் கிளார்க்காக இருக்கிற நான். வேன் வாடகையைப் பங்கு போட்டுக்கொள்வோம். ஒரு வாரம் யானைமலை, ஒரு வாரம் கீழக்குயில்குடி சமணர்மலை, பிறகு அரிட்டாபட்டி, மாங்குளம், கீழவளவு. மதுரையைச் சுற்றி மலைக்கா பஞ்சம்? ஏறி முடித்ததும் பாறை நிழலில் வட்டமாக உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரிப்போம். சட்னி தீர்ந்துபோனவருக்குப் பக்கத்தில் இருப்பவர் ஊற்றுவார். பேங்க்காரர் கல்வெட்டு வாசிப்பார். மாங்குளம் குகைத்தளத்தில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின எழுத்தில் நெடுஞ்செழியன் பெயர் வெட்டியிருக்கிறது. அவர் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துக் காட்டியபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, பொய் சொல்லவில்லை. வழுக்குப் பாறையில் நான் தடுமாறியபோதெல்லாம் மேலேயிருந்து ஒரு கை நீண்டிருக்கிறது. நீ யார், என்ன ஆள் என்று அந்தக் கை கேட்டதில்லை.

ஏறும்போது கேட்டதில்லை. இறங்கும்போது கேட்டார்கள்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"மேலூர் பக்கம் சார்."

"மேலூர் பக்கம்னா?"

ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"அட, நம்ம ஊருக்குப் பக்கந்தான். அங்க எங்க? மந்தைக்கு இங்கிட்டா, கம்மாய்க்கு அங்கிட்டா?"

இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. மந்தைக்கு இந்தப் பக்கம் ஊர், கம்மாய்க்கு அந்தப் பக்கம் சேரி. "சின்ன வயசுலயே மதுரைக்கு வந்துட்டோம் சார், எனக்குச் சரியா ஞாபகமில்ல" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றினார். மாற்றிய விதத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அடுத்த வாரமும் அதே பாட்டில், அதே சட்னி. அவர் நல்லவர் என்றேனே.

எங்கள் குழுவுக்கு ஒரு விதி உண்டு. வாட்ஸப்பில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே அனுப்புவார்கள்: "இங்கு சாதி, மதம், அரசியல் பேச அனுமதி இல்லை." நான் சேர்ந்ததே இந்த விதியைப் பார்த்துத்தான். ஒருநாள், வாரத்துக்கு ஒரேயொரு நாள், அந்தச் சனியனைப் பற்றிப் பேசாத மனுஷர்களோடு இருக்கலாமே என்கிற ஆசை.

ஆனால் பேசாமலா இருந்தார்கள்? "எங்க பெரியப்பா இந்த ஊர்ல அம்பலம், வாங்க எல்லாரும் மோர் குடிச்சிட்டுப் போவோம்" என்பார் ஒருவர். "இந்த அடிவாரம் வரைக்கும் எங்க தாத்தா காலத்துல எங்க தோப்புதான்" என்பார் இன்னொருவர். எங்க குலசாமி, எங்க பங்காளி, எங்க ஊர்த் திருவிழாவில் எங்களுக்கு முதல் மரியாதை. இதெல்லாம் சாதிப் பேச்சு இல்லையாம், ஊர்ப் பாசமாம். ஒருநாள் கீழவளவுப் பாறையில் உட்கார்ந்திருந்தபோது, தூரத்தில் அறுபட்டுக் கிடந்த குவாரியைக் காட்டி, "எங்கப்பா இங்கதான் சார் கல்லு உடைச்சாரு. சேரியிலிருந்து அம்பது அறுபது பேரு வருவாங்க" என்றேன். பேச்சு அப்படியே நின்றுபோயிற்று. ஒரு டீச்சர் இட்லிப் பொட்டலத்தை மடித்தார். பேங்க்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, இந்தப் படுக்கையோட காலம் என்னன்னா…" என்று தொடங்கினார். அவர்களுடைய தாத்தாவைச் சொன்னால் வரலாறு, என்னுடைய அப்பாவைச் சொன்னால் சாதி. அப்படியென்றால் அந்த விதி யாருக்குப் போட்டது?

போன மாசியில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே எனக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்கள் அங்கேதான் பிழைக்க வேண்டும். மலையடிவாரத்துக் கிராமம். வேன் மந்தையில் நின்றது. மலைக்குப் போக ஊர்த் தெரு வழியாக நடக்க வேண்டும். கான்வாஸ் ஷூ, தொப்பி, முதுகில் பை. திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் எழுந்துநின்று "வாங்க வாங்க, மதுரையிலிருந்தா?" என்று கேட்டார்கள். ஒரு அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நானும் வாங்கிக் குடித்தேன். குடித்தபோது உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், கள்ளச் சந்தோஷம். என் அத்தையைக் கட்டிக்கொடுத்த ஊர் அது. சின்ன வயசில் லீவுக்கு அங்கே போவேன். அப்போது அந்தத் தெருவைத் தாண்டிப் போயிருக்கிறேன், நடந்து அல்ல, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி.

எதிரே ஒரு ஆள் வந்தார். தலையில் புல்லுக்கட்டு, ஒரு கையில் அரிவாள், இன்னொரு கையில் ரப்பர் செருப்பு. செருப்பு காலில் இல்லை, கையில். அது எங்கள் அத்தை வீட்டு மாமா. அறுபத்தைந்து வயசிருக்கும். முப்பது பேர் கூட்டத்தைப் பார்த்ததும் ஓரமாக ஒதுங்கி, சாக்கடைப் பக்கம் கால் வைத்து நின்றார். என்னைப் பார்த்தார். முகத்தைப் பார்த்துவிட்டு என் காலைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். 'மாமா' என்று ஒரு வார்த்தை. மூன்றெழுத்துகூட வேண்டாம், வாயைத் திறந்தாலே வந்துவிடுகிற வார்த்தை. வரவில்லை. நடந்து போய்விட்டேன். எனக்குப் பின்னால் வந்த ஒரு காலேஜ் பையன் அவரைப் போட்டோ எடுத்தான். சாயங்காலம் குழுவில் போட்டான்: "கிராமத்து எளிமை." பதினெட்டுப் பேர் கைதட்டியிருந்தார்கள். அந்தப் படத்தில் செருப்பு கையில் இருப்பது தெளிவாகத் தெரிகிறது. ஏன் அது கையில் இருக்கிறது என்று பதினெட்டுப் பேரில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

மறுவாரம் தனியாகப் போய் மாமாவைப் பார்த்தேன். "கூப்பிடாமப் போயிட்டேன் மாமா" என்றேன். "அட விடு மாப்ள. நாங் கூப்ட்டாலும் ஒனக்குத்தான சங்கட்டம். அதான் நானும் தெரியாத மாதிரி நின்னுட்டேன்" என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா, அறைவதற்குச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியவில்லை.

இந்த இடத்தில் அம்பேத்கரின் ஒரு பயணம் நினைவுக்கு வருகிறது. அதுவும் இப்படிச் சுற்றிப் பார்க்கப் போன பயணம்தான். 1934இல் சுமார் முப்பது தோழர்களோடு எல்லோரா குகைகளைப் பார்க்கக் கிளம்பினார். வழியில் தௌலதாபாத் கோட்டை. புழுதிப் பயணம். கோட்டை வாசலில் இருந்த குளத்தில் கை கால் முகம் கழுவினார்கள். ரம்ஜான் மாதம். வெள்ளைத்தாடிக் கிழவர் ஒருவர், தீண்டத்தகாதவர்கள் குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். கூட்டம் கூடிவிட்டது. கடைசியில், கோட்டைக்குள் எங்கேயும் தண்ணீரைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு உள்ளே விட்டார்கள். தொடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் தாங்கிய ஒரு சிப்பாயையும் கூடவே அனுப்பினார்கள். வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்து வாதாடிவிட்டு வந்த மனுஷர் அவர். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று அவர் எழுதி வைத்ததில் இதுவும் ஒன்று. எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சிப்பாய் யாரும் கிடையாது. எனக்கு அவன் தேவையும் இல்லை. அன்றைக்கு மாமாவைக் கூப்பிடவிடாமல் என் தொண்டைக்குள் உட்கார்ந்திருந்தவன் யார்?

நமக்கு மலை புதிதில்லை தோழர்களே. புல்லுக்கும் விறகுக்கும் ஆட்டுக்கும் ஏறின மலைதான். கொடைக்கானலுக்கு ரோடு வருமுன்பே வெள்ளைக்காரத் துரைகளும் துரைசானிகளும் அந்த மலையை ஏறினார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஏறினார்களா? நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். ஏறியவர்கள் தோளில் தூக்கிய கூலிகள். அந்தப் பழைய பாதைக்குக் கூலி காட் என்றுதான் பெயர். என் அப்பாவின் முழங்கால் கல்குவாரியில் போயிற்று. நான் ஞாயிற்றுக்கிழமை மலையேறப் போகிறேன் என்று முதன்முதலில் சொன்னபோது, "எதுக்குடா? எவ்வளவு தர்றாய்ங்க?" என்று கேட்டார். நான்தான் காசு கொடுத்துப் போகிறேன் என்றதும் வெகுநேரம் சிரித்தார்.

சரி, குழுவுக்கு வருகிறேன். மாமாவைப் பார்த்துவிட்டு வந்த வாரம் வாயைத் திறந்தேன். அடுத்த நடை கீழவளவு என்று முடிவாகியிருந்தது. "அதே மேலூர் வட்டந்தான். கீழவளவு முடிச்சிட்டு அப்படியே மேலவளவுக்கும் போயி அந்த நினைவிடத்தைப் பார்த்துட்டு வருவோம்" என்றேன். தனித்தொகுதியாக அறிவிக்கப்பட்ட ஊராட்சியில் தலைவராக ஜெயித்த முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும், 1997 ஜூன் 30ஆம் தேதி, மதுரையிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தபோது பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். முருகேசன் தலையைக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டார்கள். அந்தச் சாலைகளில்தான் எங்கள் வேனும் போய்வருகிறது.

மளிகைக்கடைக்காரர் தலையை ஆட்டினார். "குழந்தைங்கல்லாம் வருதுக தம்பி. வெட்டு குத்துன்னு பயந்துக்குங்க." குழந்தைகள் பயப்படுமாம். இதே குழந்தைகளுக்கு யானைமலை நிழலில் உட்கார்ந்து, எண்ணாயிரம் சமணர்களைக் கழுவேற்றிய கதையைச் சொன்னார்களே! கழு எப்படி இருக்கும், எங்கே குத்தும் என்றுகூட ஒரு பையன் கேட்டான், அதற்கும் பதில் சொன்னார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தின ரத்தம் கதையாகிவிடும், குழந்தைகள் கேட்கலாம். 1997இன் ரத்தம் ஆகாது. அந்த வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேர் 2019 நவம்பரில் முன்கூட்டியே விடுதலையாகி வந்துவிட்டார்களே, அப்புறம் யாருக்கு யாரைப் பார்த்துப் பயம்?

டீச்சர் இன்னும் பக்குவமாகச் சொன்னார். "நீங்க சொல்றது நியாயந்தான். ஆனா அது அரசியலாயிடும். நம்ம குழுவுக்கு அரசியல் வேணாமே."

இதற்குத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்து, அரிட்டாபட்டி மலைக்கு ஆபத்து என்று செய்தி வந்தபோது இந்தக் குழு சும்மாவா இருந்தது? 2022இலேயே பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் சுரங்கமா என்று கொதித்தார்கள். 2025 ஜனவரி 7ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கான மக்கள் நடந்தபோது, எங்கள் குழுவிலும் பாதிப்பேர் லீவு போட்டுவிட்டு நடந்தார்கள். டீச்சர் தொண்டை கிழியக் கோஷம் போட்டார். நானும் பக்கத்தில் நின்று போட்டேன். அந்த மாதக் கடைசிக்குள் ஏலம் ரத்தானபோது இனிப்பு வாங்கிக் கொடுத்தோம். அது அரசியல் இல்லையா? அது அரசியல்தான், நல்ல அரசியல். ராசாளிக்கும் தேவாங்குக்கும் பாறைக்கும் சேர்த்துப் பேசிய வாய்க்கு, அதே வட்டத்தில் வெட்டுப்பட்ட மனுஷனைச் சொல்லும்போது மட்டும் விதி ஞாபகம் வருகிறது. உத்தப்புரத்தில் ஊருக்கும் சேரிக்கும் நடுவே எழுப்பிய சுவரில் 2008 மே மாதம்தான் ஒரு வழி திறந்தார்கள். அதுவும் மதுரை மாவட்டம்தான். பழைய சுவர் என்றால் ஓடோடிப் போய்ப் படமெடுக்கிற குழு, அந்தச் சுவரைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமையைக்கூட ஒதுக்கியதில்லை.

குழுவைவிட்டு விலகிவிடு என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். நாமே ஒரு நடைக் குழு ஆரம்பிப்போம், தலித் மலையேற்றக் குழு என்றே பெயர் வைப்போம் என்றும் ஒரு தோழர் சொன்னார். வைக்கலாம். ஆனால் ஏன் நான் விலக வேண்டும்? நெடுஞ்செழியன் கல்வெட்டு எனக்கும் சொந்தம். அந்த எழுத்தை வெட்டின உளிக்காரன் எந்தப் பக்கத்து ஆள் என்று எந்தக் கல்வெட்டிலும் இல்லை. பாறையில் எனக்குக் கை கொடுத்தவர்கள் பொய்யாகக் கொடுக்கவில்லை. அந்தக் கை பாறையோடு நின்றுவிடுகிறதே, தெருவுக்கு வரமாட்டேன் என்கிறதே, அதுதான் என் சண்டை. அந்தப் போட்டோவை எடுத்த பையனிடம் போன வாரம் வேனில் வைத்து அது என் மாமா என்று சொன்னேன். செருப்பு ஏன் கையில் என்றும் சொன்னேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னேன். அவன் முகம் செத்துப்போயிற்று. "அழிச்சிரவா அண்ணே?" என்றான். "அழிக்காதே, கீழே எழுதியிருக்கியே, அத மட்டும் மாத்து" என்றேன். இன்னும் மாற்றவில்லை. கூட வேனில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

குழுவில் எழுதிப் போட்டுவிட்டேன்: வருகிற ஞாயிறு கீழவளவு, அங்கிருந்து மேலவளவு, திரும்பும்போது மாமா ஊர். ஊர்த் தெருவில் எல்லாரும் சேர்ந்து நடப்பது, மாமாவும் கூட வருவார், செருப்பு போட்டுக்கொண்டு. விதியை மீறியதற்காக என்னைக் குழுவிலிருந்து எடுக்க வேண்டும் என்று இரண்டு பேர் எழுதினார்கள். பேங்க்காரர் ஒன்றும் எழுதவில்லை, ராத்திரி போன் செய்தார். மந்தையா கம்மாய்க்கரையா என்று அன்றைக்குக் கேட்டவர் அவர்தான். "தம்பி, வேன் எங்க நிக்கணும்?" என்று கேட்டார். அவரையும் சேர்த்து வருவதாகச் சொல்லியிருப்பவர்கள் நாலு பேர். போட்டோ பையனும் அதில் உண்டு. வேன் வாடகைக்குத்தான் கட்டுப்படியாகாது, பஸ்ஸில் போக வேண்டியிருக்கும்.

மாமாவிடம் கேட்டபோது கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "வர்றேன் மாப்ள. ஆனா நீங்கல்லாம் மந்தையில வந்து எறங்கக் கூடாது. மொத ஸ்டாப்புலயே எறங்கி நம்ம தெருவுக்கு வந்துருங்க. ஒங்க அத்தை காப்பி போட்டு வெச்சிருப்பா, குடிச்சிட்டு அங்கருந்து கெளம்புவோம்" என்றார்.