‘எக்ஸ்ட்ரீம்லி’: ஒரு வினையடையின் எல்லை

ஆய்வேடுகளில் தாராளமாகச் செலவிடப்படும் ஆங்கிலச் சொற்களுள் ‘எக்ஸ்ட்ரீம்லி’ ஒன்று. ‘வெரி’ வலுவிழந்ததாகத் தோன்றும் இடங்களிலெல்லாம் அது வந்து அமர்கிறது. அதன் மூலமான இலத்தீன் சொல்லோ கடைக்கோடியைக் குறிப்பது, அதற்கப்பால் ஒன்றுமில்லை. பக்கத்துக்கு மூன்று முறை கடைக்கோடியைத் தொடும் ஆய்வாளர், அது எங்கிருக்கிறது என்பதை ஒருமுறையேனும் சொல்வதில்லை.

அச்சொல்லுக்கு வரம்பு கட்டிய துறைகளும் உண்டு. இந்திய வானிலை ஆய்வுத் துறை, 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை பெய்வதைக் கனமழை என்றும், 204.4 மி.மீ. வரை மிகக் கனமழை என்றும், அதற்கு மேற்பட்டதை ‘எக்ஸ்ட்ரீம்லி ஹெவி’, அதாவது அதிகனமழை என்றும் வகுத்துள்ளது. இங்கு அடைமொழி அலங்காரமன்று, அளவு. செய்தி எழுதுபவர் நடையழகு கருதி ‘மிக’வையும் ‘அதி’யையும் இடம் மாற்றினால் எச்சரிக்கையே மாறிவிடும். எனினும் இவ்வகைக்கு மேல்வரம்பு இல்லை. 2005 ஜூலையில் மும்பை சாந்தாகுரூசில் ஒரே நாளில் கொட்டிய 944 மி.மீ. மழையும், எங்கோ பெய்யும் 210 மி.மீ. மழையும் ஒரே சொல்லுக்குள் அடங்குகின்றன. ஆதலால் வரையறுக்கப்பட்ட சொல்லும் எண்ணுக்கு மாற்றாகாது.

காலநிலை மாற்றம் குறித்த ஐ.நா. அறிவியல் குழுவின் வழக்கு இன்னும் நுட்பமானது. புவி வெப்பமாதலில் மனிதரின் பங்கைப் பற்றி 2007 அறிக்கை ‘வெரி லைக்லி’ என்றது. 2013 அறிக்கை ‘எக்ஸ்ட்ரீம்லி லைக்லி’ என்றது. முன்னது 90 விழுக்காட்டுக்கும், பின்னது 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட நிகழ்தகவு. ஒரு வினையடை மாறுவதற்கு ஆறாண்டுச் சான்றுகள் தேவைப்பட்டன.

புள்ளியியலில் நிலைமை நேர்மாறு. பி-மதிப்பு 0.001-க்குக் கீழே இறங்கியதும் முடிவை ‘எக்ஸ்ட்ரீம்லி சிக்னிஃபிகன்ட்’ என்று எழுதிவிடுகின்றனர். மாதிரியின் அளவைப் பெருக்கினால் அற்ப வேறுபாடுகூட அம்மதிப்பை எட்டும். வினையடை அங்கே விளைவின் பருமனைச் சொல்வதில்லை; சொன்னதாக ஒரு தோற்றத்தை மட்டும் தருகிறது. தேர்வாளர்களும் அதைக் கேள்வியின்றிக் கடந்துவிடுவதுதான் வியப்பு.

தமிழில் எழுதுவோருக்கு இன்னொரு சிக்கல். உறு, தவ, நனி ஆகிய மூன்றையும் தொல்காப்பியம் மிகுதி என்னும் ஒரே பொருளில் வைக்கிறது. நன்னூல் அவற்றுடன் சால, கூர், கழி ஆகியவற்றையும் சேர்த்து ஆறாக்குகிறது. எது எதைவிடப் பெரிது என்ற வரிசை அங்கில்லை. செய்யுளுக்கு அது வேண்டியதுமில்லை. அறிவியல் தமிழுக்கு வேண்டும். ‘மிக’, ‘மிக மிக’, ‘அதி’, ‘அதீத’ என ஒரே ஆய்வேட்டுக்குள் அலைவதைவிட, ஒவ்வொரு துறையின் கலைச்சொல் தொகுதியும் இவ்வடைகளுக்கு நிலையான வரிசையொன்றை வகுத்து, அளவு உள்ள இடத்தில் அதையும் உடன் தருதல் நலம்.