விடுதலை தந்தது நீதிமன்றம்! விட மறுக்கிறது இணையம்!

ஒருவர் மீது வழக்கு. கீழ்நீதிமன்றம் தண்டித்தது. 2014-ல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விடுதலை செய்தது. களங்கம் தீர்ந்ததா? இல்லை! இணையத்தில் அவர் பெயரைத் தேடினால் அந்த வழக்கே வந்து நிற்கிறது. பெயரை நீக்கக் கோரி மீண்டும் நீதிமன்றப் படியேறினார். 2021-ல் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு நீக்கச் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் உச்சநீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது!

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் 2017-லேயே தீர்ப்பளித்தார்கள். மத்திய அரசு தரவுப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவர 2023 ஆனது. விதிகள் வெளிவர 2025 நவம்பர் ஆனது. ஏன் இந்த ஆமை வேகம்?

நமக்கென்ன என்கிறீர்களா சகோதரர்களே? அக்‌ஷர்தாம் வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றவர்கள் உட்பட ஆறு முஸ்லிம்களை உச்சநீதிமன்றம் விடுதலை செய்தது 2014 மே 16 அன்று. நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வெளியான நாள் அது. அந்தச் செய்தியை எத்தனை பேர் படித்திருப்பார்கள்? கைதுக்குக் கொட்டை எழுத்து, விடுதலைக்கு மூலையில் நான்கு வரி! இதுதானே பத்திரிகை தர்மம்?

அடுத்தவரைக் கேட்டது போதும். நம்மையும் கேட்போம். ஆத்திரத்தில் வாட்ஸ்அப்பில் வந்ததையெல்லாம் தட்டிவிடும் இளைஞனே! 2018-ல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய பதிவைப் பகிர்ந்தார் நடிகர் எஸ்.வி.சேகர். நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். பகிர்ந்தவரும் பொறுப்பாளிதான் என்றது உயர்நீதிமன்றம். 2024-ல் ஒரு மாதச் சிறைத் தண்டனை! செல்வாக்கு மிக்கவருக்கே இந்தக் கதி என்றால், உனக்கு வக்கீல் வைக்க யார் இருக்கிறார்கள்?

கடலூர், சிதம்பரம் ஜமாஅத்துகளே! கல்யாண மண்டபம் கட்டுகிறோம். மாதம் ஒரு மாலை இதற்கும் ஒதுக்குங்கள். தன் பெயரைத் தானே தேடிப் பார்க்கவும், பழைய பதிவுகளைக் களையவும், போலிக் கணக்கு கண்டால் சைபர் கிரைம் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் தரவும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். விடுதலையானவர் தீர்ப்பின் நகலுடன், பழைய செய்தியைத் திருத்தும்படி பத்திரிகைக்கு எழுதட்டும். வணிகர்களே, கூகுள் வரைபடத்தில் உங்கள் கடைப் பக்கம் உங்கள் கையில் இருக்கிறதா? அதிலுள்ள தொலைபேசி எண் உங்களுடையதுதானா? இன்றே பாருங்கள்!

நம் பெயரை நாம் எழுதாவிட்டால், நம்மைப் பிடிக்காதவன் எழுதுவான்!